செவ்வாய்க்கிழமை மட்டும் வலிக்காத தோள்

"எண்ணெய்க்கு மீட்டர் இருக்கு. தண்ணிக்கு மீட்டர் இருக்கு. காத்து எவ்வளவு அழுத்துதுன்னு பாக்கக்கூட மீட்டர் வச்சிருக்கான். என் தோள் வலிக்கு மட்டும் ஒரு மீட்டரக் காணோம்!"

ஒரு வருடம் இதைக் கேட்டுத்தான் என் வீட்டில் பால் பொங்கியது. மூன்றாம் மாடி அண்ணன் காலை ஏழு மணிக்குப் படி இறங்கும்போது ஆரம்பிப்பார். என் சமையலறை ஜன்னலைத் தாண்டும்போது "மீட்டரக் காணோம்" என்று முடிப்பார். ஜன்னல் படிக்கட்டைப் பார்த்தபடி இருப்பதால் எனக்குத் தப்பிக்க வழியில்லை. கேட்டுக் கேட்டு என் வீட்டுக்காரர் ஒருநாள், "பேசாம நம்ம வீட்டு கரண்ட் மீட்டரக் கழட்டி அவர் கழுத்துல மாட்டிடு" என்றார்.

அண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். எங்களுக்கு அவர் ஸ்பானர் அண்ணன். கப்பலின் எஞ்சின் அறையில் பதினெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். லீவில் வந்தால் கட்டடத்தில் ஒழுகும் குழாய் ஒன்று பாக்கி இருக்காது. கூப்பிடாமலே வருவார், டீ கொடுத்தால்தான் போவார்.

கடைசிக் கப்பலில் எஞ்சின் அறை ஏணியில் எண்ணெய் சிந்திக் கிடந்திருக்கிறது. கால் வழுக்கி, மொத்த உடம்பும் வலது கையில் தொங்கியது. தோளுக்குள் ஏதோ கிழிந்தது. கப்பல் குறிப்புப் புத்தகத்தில் அன்றைக்கே எழுதி, அடுத்த துறைமுகத்தில் இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப்பின் ஆறு மாதம் கம்பெனி டாக்டர் பார்த்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை. ஆறாம் மாதம் ஒரு கடிதம் அனுப்பினார்: "குணமாகிவிட்டார். கப்பல் வேலைக்குத் தகுதியானவர்."

அந்தக் கடிதம் வந்த அன்று இவரால் இடது கை உதவி இல்லாமல் சட்டை மாட்ட முடியவில்லை. என் கண்ணால் பார்த்தேன்.

கடலோடிகள் சங்கத்து வக்கீல் கடிதத்தைப் பார்த்ததும், சங்க ஆபீசிலிருந்து அப்படியே இவரை ஆட்டோவில் ஏற்றி வேறொரு எலும்பு டாக்டரிடம் கொண்டுபோனார். அவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு எழுதினார்: "வலது கையைத் தோள் உயரத்துக்குக்கூடத் தூக்க முடியவில்லை. இனி எந்த வேலைக்கும் ஆகாது."

ஒரே தோள்தான். ஒருவர் ஓடும் என்கிறார், இன்னொருவர் செத்தது என்கிறார்.

இப்படி ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வழி இருக்கிறதாம். கம்பெனியும் கடலோடியும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் சொல்வதுதான் முடிவு, இரண்டு பக்கமும் கட்டுப்பட வேண்டும். கம்பெனி டாக்டர் பக்கம் சாய்ந்தால் நஷ்டஈடு கிடையாது. மறுபடி கப்பல் ஏற வேண்டியதுதான். "அந்தக் கையோட ஏணி ஏறினா ஒரு தடவ தொங்குவேன். ரெண்டாவது தடவ கீழதான்" என்று இவரே சொல்வார். அப்போது மட்டும் சிரிக்க மாட்டார்.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே யாரையும் நம்பத் தோன்றவில்லை. கம்பெனி டாக்டர் கம்பெனியின் சம்பளம் வாங்குகிறவர். முதலாளிக்கு நோகும்படி எழுதுவாரா? வக்கீல் காட்டிய டாக்டர் இடத்தில் வரிசையில் உட்கார்ந்திருப்பதெல்லாம் கடலோடிகள்தானாம். எல்லோருக்கும் ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றுகிறாரோ என்னவோ. சந்தேகம் வந்துவிட்டால் அது ஓர் இடத்தில் நிற்காது. எதிர் டீக்கடையில் ஒரு ஆள் மூன்று நாளாக உட்கார்ந்து எங்கள் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனி அனுப்பிய உளவாளி, அண்ணன் கை தூக்குவதைப் படமெடுக்கத்தான் வந்திருக்கிறான் என்று அண்ணனின் மனைவி துணிகூட மொட்டைமாடியில் காயப்போடவில்லை. ஈரத்துணி நாற ஆரம்பித்ததும் நானே இறங்கிப்போய்க் கேட்டேன். முதல் மாடியில் வீடு காலியாகிறதா என்று பார்க்க வந்தவனாம். தண்ணீர் ஒழுங்காக வருமா என்று என்னையே கேட்டான்.

உளவாளி போய்விட்டான், சந்தேகம் போகவில்லை. அது கடைசியில் அண்ணன்மேலேயே வந்து உட்கார்ந்தது. காரணம் எங்கள் படிக்கட்டு.

எங்கள் படிக்கட்டில் ஒரு பக்கம்தான் கைப்பிடி. ஏறும்போது இடது கைக்கு வரும். இறங்கும்போது வலது கைக்கு வரும். அடிபட்டு வந்தபிறகு அண்ணன் இறங்குவதைப் பார்த்தால் முதலில் சிரிப்புதான் வரும். முதுகைக் கீழே காட்டி, முகத்தை மேலே வைத்து, கப்பல் ஏணியில் இறங்குவதுபோல் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்குவார். அப்படி இறங்கினால்தான் கைப்பிடி இடது கைக்கு வரும். எதிரே ஏறுகிறவர்கள் அவர் முதுகில் முட்டிக்கொள்வார்கள். "பின்னாடி பாத்து வாங்கண்ணே" என்றால், "பின்னாடிதாம்மா வந்துட்டு இருக்கேன்" என்பார்.

ஆனால் சில நாள் அவர் நேராக இறங்கினார். தேய்த்த சட்டை, கையில் ஃபைல், வலது கை கைப்பிடியில். ஜன்னலில் என்னைப் பார்த்து அந்தக் கையாலேயே சலாம் வைத்துவிட்டும் போனார்.

முதல் தடவை, குணமாகிறதென்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் பார்த்தால் மறுபடி பின்பக்கம். இரண்டாம் தடவை அப்படி நடந்தபோது என் கை நின்றது. தண்ணீர் வரும் நாளைக் குறித்துவைக்க அடுப்பு மேடைக்கு மேல் ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறேன். அதிலேயே குறிக்க ஆரம்பித்தேன். பின்பக்கம் இறங்கினால் "பி". நேராக இறங்கினால் "நே". யாரிடமும் சொல்லவில்லை.

கம்பெனி டாக்டர் கடிதம் வரும்வரை குறித்தேன். வந்த அன்று பக்கங்களைப் புரட்டினேன். எல்லா நாளும் "பி". இரண்டு வாரத்துக்கு ஒரு "நே". எல்லா "நே"யும் செவ்வாய்க்கிழமை.

இந்த மனுஷன் நடிக்கிறாரா? எங்கள் முன்னால் மற்ற நாளெல்லாம் பின்பக்கம் இறங்கிக் காட்டிவிட்டு, டாக்டரிடம் போகிற நாள் நடிக்க மறந்துவிடுகிறாரா? அதற்கும் கணக்கு இடித்தது. நடிக்கிறவன் டாக்டர் முன்னால்தானே நடிப்பான்? என் முன்னால் நடித்து என்ன கிடைக்கும், ஒரு டீ கூடுதலாகக் கிடைக்குமா?

மூன்றாவது டாக்டரைப் பார்க்க நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு காலண்டரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு மேலே போனேன். அண்ணனின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் நாற்காலியில் வலது கையை மடியில் குழந்தையைப்போல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணனுக்கு நிஜமாவே வலிக்குதா?"

அக்கா மடித்த துணியைக் கீழே வைத்தார். "என்னம்மா கேள்வி இது? ராத்திரி புரண்டு படுத்தா கத்துறாரு, உனக்குக் கேக்கலையா?"

"கேக்குது. அதனாலதான் கேக்குறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் எப்படி நேரா இறங்குறாரு? தோளுக்கு அன்னைக்கு லீவா?"

காலண்டரை விரித்தேன். அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, தண்ணி வர்ற நாள்தானே இது?"

"ஓரத்துல பாருங்க. நீங்க வர்ற நாளும் இருக்கு."

அக்கா பார்த்தார். அவருக்குப் புரியாத விஷயமே இல்லை என்பதுபோல், "செவ்வாய்க்கிழமைன்னா மெடிக்கல்தானே? மெடிக்கலுக்கு மாத்திர போடாம யாரு போவாங்க?" என்றார்.

"என்ன மாத்திர?"

"வலி மாத்திரதான். காலையில சாப்பிட்டதும் ரெண்டு. பையில ஒண்ணு, ஒருவேளை வரிசையில லேட்டாச்சுன்னா. பதினெட்டு வருஷமா நான்தானே எடுத்துக் குடுக்குறேன்."

நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். கப்பல் ஏறும் முன்னால் ஒவ்வொரு தடவையும் கடலோடிகளுக்கு உடம்புப் பரிசோதனை உண்டு. அதில் டாக்டர் ஒரு சின்னக் குறை எழுதினாலும் கப்பல் போய்விடும், வேறு ஆள் ஏறிவிடுவான். அதனால் வலி இருக்கிறதோ இல்லையோ, பரிசோதனை என்றால் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திப் போவது இவர்கள் வழக்கம். முதல் கப்பலில் கூட இருந்த ஆள் சொல்லிக்கொடுத்தான், இவர் அடுத்த ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அடிபட்டபிறகும் டாக்டர் என்றதும் கை தானாக மாத்திரை அட்டைக்குப் போயிருக்கிறது. பதினெட்டு வருடமாக வெள்ளைக் கோட்டு என்றால் பாஸாக வேண்டியவர். இப்போது அதே கோட்டு வேறு வேலைக்கு உட்கார்ந்திருக்கிறது என்று புருஷனுக்கும் உறைக்கவில்லை, பெண்டாட்டிக்கும் உறைக்கவில்லை.

"டாக்டர் எப்படி இருக்குன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு சார்னு சொல்வேன்." சொல்லும்போதே அவர் முதுகு நிமிர்ந்தது. "பரீட்சைக்குப் போறவன் படிக்காம போவானா தங்கச்சி?"

"யோவ்!" மரியாதை எல்லாம் அப்போது போய்விட்டது. "உங்கள யாரு பாஸாகச் சொன்னா? இந்தத் தடவ நீங்க ஃபெயிலாகணும்!"

அக்கா சிரிக்கப்போய் அழுதுவிட்டார். வக்கீல் திடீரென்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோன அன்று மட்டும் மாத்திரை போட நேரமில்லை. அதனால்தான் அந்த டாக்டர் கண்டது செத்த கை.

வக்கீலுக்கு ஃபோன் போட்டோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இத நீங்க எங்கிட்ட சொல்லல, நான் கேக்கல" என்றார். "மாத்திரைன்னு வாயத் திறந்தீங்கன்னா, பதினெட்டு வருஷமா வியாதிய மறைச்சுத்தான் கப்பல் ஏறினாருன்னு கம்பெனி கேஸையே கவுத்துடும். பேசாம மாத்திர போடாம போங்க. கை தானாப் பேசும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அதிலும் ஓட்டை தெரிந்தது. கம்பெனி ஃபைலில் ஆறு மாதம் கை தூக்கியதாக எழுதியிருக்கும். இப்போது தூக்க முடியவில்லை என்றால் மூன்றாவது டாக்டர் யாரை நடிகன் என்பார்? சொன்னால் மறைத்தவன். சொல்லாவிட்டால் நடிக்கிறவன்.

அண்ணன் மூன்று நாள் காலையில் "மீட்டரக் காணோம்" சொல்லாமல் இறங்கினார். நான்காம் நாள் என் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"தங்கச்சி, எஞ்சின் ரூம்ல ரெண்டு மீட்டர் ரெண்டு விதமாக் காட்டினா நாங்க பெரிய மீட்டர் எது, புது மீட்டர் எதுன்னு பாக்க மாட்டோம். நடுவுல எந்த வால்வு மூடியிருக்குன்னு தேடுவோம்."

"சரி, அதுக்கென்ன?"

"வால்வு நான்தான். நான்தான் மூடி வச்சிருந்தேன். தொறந்துட்டு வர்றேன்."

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா பயந்துபோய் என்னையும் கூட வரச் சொன்னார். "நீ வந்தாதான் யாராவது வாயத் தொறந்தா பதில் சொல்வ" என்றார். அது பாராட்டா என்று நான் விசாரிக்கவில்லை. காலண்டரையும் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது டாக்டர் ஒரு பெண்மணி. மேஜையில் இரண்டு ஃபைல்களும் அடுக்கியிருந்தன. கம்பெனி ஆள் ஒருவர் டை கட்டி ஒரு பக்கம், வக்கீல் மறுபக்கம். டாக்டர் இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அண்ணன் பரீட்சையில் ஒப்பிப்பதுபோல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பதினெட்டு வருடம், இரண்டு மாத்திரை, பையில் ஒன்று.

கம்பெனி ஆளுக்கு முகம் மலர்ந்தது. "மேடம், இது ஒண்ணே போதும். மறைச்சதா அவரே ஒத்துக்கிறாரு. தவிர, ஆறு மாசம் பாத்த டாக்டர் சொல்றது பெரிசா, அரை மணி நேரம் பாத்தவர் சொல்றது பெரிசா?"

"ஆறு மாசமும் அவர் மாத்திரையத்தான் பாத்திருக்கார்," என்றார் டாக்டர், ஃபைலிலிருந்து தலை தூக்காமல். பிறகு வக்கீல் பக்கம் திரும்பினார். "உங்க டாக்டர் ஒரு நாள் வலியப் பாத்து வாழ்நாளுக்கு எழுதியிருக்கார். நீங்களும் சிரிக்காதீங்க."

நான் காலண்டரை நீட்டினேன். "இதையும் பாருங்க டாக்டர். தண்ணி வந்த நாளும் அதுலதான் இருக்கு, அத விட்டுடுங்க."

அவர் அதை நிதானமாகப் புரட்டினார். கம்பெனி ஃபைலில் இருந்த தேதிகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து தையல்காரர் வைத்திருப்பதுபோல் ஒரு இஞ்சு டேப்பை எடுத்தார். அண்ணனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி இடது புஜத்தைச் சுற்றி அளந்தார். வலது புஜத்தைச் சுற்றி அளந்தார். கம்பெனி ஃபைலின் முதல் பக்கத்துக்குப் போனார். அடிபட்டு வந்த முதல் வாரத்தில் அவர்களே அளந்து எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு இரண்டு புஜமும் ஒன்று. இன்றைக்கு வலது புஜம் ஒரு இஞ்சுக்கு மேல் மெலிந்திருந்தது.

"மாத்திர வலிய மறைக்கும். சதைய வளக்காது," என்றார்.

அண்ணன் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதானா மேடம் அந்த மீட்டரு?" என்றார். ஒரு வருடம் தேடியது, என் தையல் பெட்டியிலும் ஒன்று கிடக்கிறது.

அதோடு டாக்டர் விடவில்லை. அன்றைக்கு மாத்திரை இல்லாமல் சோதித்தார். அடுத்த வாரம் மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்லி மறுபடி சோதித்தார். மாத்திரையோடு கை தலைக்கு மேலே போனது. ஆனால் உள்ளங்கையில் ஒரு கிலோ மணல் மூட்டையை வைத்துப் பத்து எண்ணச் சொன்னபோது, நாலிலேயே கை இறங்கிவிட்டது. ஆறு மாதத்தில் கம்பெனி டாக்டர் தூக்கச் சொன்னாரே தவிர, பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லவேயில்லை. இரண்டு டாக்டர்களும் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்கள் என்று மூன்றாமவர் சொல்கிறார். அதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஒருவருக்குமா மாத்திரை போட்டாயா என்று கேட்கத் தோன்றாது?

அறிக்கை வந்தது. கப்பல் வேலைக்கு இனி ஆகாது. கரையில் கனமில்லாத வேலை செய்யலாம். அண்ணன் வியாதியை மறைத்த கதையைக் கம்பெனி எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போனது. அங்கே விசாரித்தவர் ஒன்றுதான் கேட்டாராம்: "ஏணியில் வழுக்கியதையும் அவர் மறைத்தாரா?" கப்பலின் குறிப்புப் புத்தகத்திலேயே அது இருந்தது. நஷ்டஈடு கிடைத்தது. வக்கீல் கேட்டதில் பாதிதான், ஆனால் அண்ணன் மறுபடி ஏணி ஏற வேண்டியதில்லை.

இங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அண்ணன் சொன்னது ஃபைலில் ஏறியது, ஃபைலிலிருந்து மற்ற கம்பெனிகளுக்கும் போய்விட்டது. இப்போது கப்பல் ஏறும் பரிசோதனையில் புதிதாக ஒரு கேள்வி: "கடந்த மூன்று நாளில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?" ரத்தமும் எடுக்கிறார்களாம். இரண்டு மூன்று பேருக்குக் கப்பல் போய்விட்டது. "ஸ்பானர் தன் கைய காப்பாத்திக்கிட்டு எங்க வயித்துல அடிச்சுட்டான்" என்று சங்க ஆபீசில் பேச்சு. லீவில் வருகிற கடலோடிகள் முன்பு நேராக மூன்றாம் மாடிக்குத்தான் ஏறுவார்கள். வாசலில் செருப்பு கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும். இப்போது ஒரு ஜோடி கிடையாது. அண்ணனுக்கும் தெரியும். காலையில் பின்பக்கமாக இறங்கும்போது, "மீட்டர் கிடைச்சிருச்சு தங்கச்சி, அளந்துக்கத்தான் ஒருத்தனும் வரமாட்டேங்குறான்" என்கிறார்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் கப்பல்காரர் வீட்டுப் பெண்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு மாத்திரை அட்டை எந்த டப்பாவில் இருக்கிறது என்றும் தெரியும். வீட்டுக்காரருக்கு ஸ்பானர் அண்ணன்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், நீங்கள் போய் அவரைப் பாருங்கள். டாக்டர்கள் கொடுத்த காகிதம் எதையும் விடாமல், முதல் வாரத்துக் காகிதத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள். எந்தப் பக்கம் எதை அளக்கவில்லை என்று அந்த மனுஷன் விரல் வைத்துக் காட்டுவார். காகிதம் எதுவும் இல்லையென்றாலும் போங்கள்.

மூன்றாம் மாடி, இடது பக்கக் கதவு. பெல் வேலை செய்யாது. ஊர் குழாயெல்லாம் சரிசெய்தவர் வீட்டு பெல் அப்படித்தான் இருக்கும். தட்டுங்கள். இடது கையால் தாழ்ப்பாள் திறக்க நேரம் எடுக்கும், அவசரப்படுத்தாதீர்கள். படியில் அவர் எதிரே பின்பக்கமாக இறங்கி வந்தால் சுவரோரமாக நின்று வழிவிடுங்கள். அவரோடே மறுபடி மேலே ஏறி, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.